முதலில் டிக், பிறகு ஊசி

அண்ணன் எதையும் கையால் செய்யமாட்டான். செய்யும் முறையை எழுதிக் கொடுப்பான். தொழிற்சாலை ஒன்றில் தர மேலாளர். விமானத்தில் ஒன்பது மணி நேரத் தொலைவு. அப்பாவுக்கு இன்சுலின் ஊசி ஆரம்பித்த வாரமே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லி ஒரு அட்டவணை அனுப்பிவிட்டான். காலை ஊசி, இரவு ஊசி, கட்டம் கட்டமாக. போட்டதும் டிக் அடித்து, எட்டு மணிக்குள் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடவேண்டும். அடியில் சிவப்பெழுத்தில்: 'சர்க்கரை, தேன், பழச்சாறு எக்காரணம் கொண்டும் கூடாது.' அதன் கீழே அண்ணனின் கையெழுத்து, தேதியுடன்.

அப்பா அதில் சொக்கிப்போனார். முப்பத்து நாலு வருஷம் ஊர் ஊராகப் போய் அடுத்தவன் பதிவேட்டில் ஓட்டை கண்டுபிடித்த ஆய்வாளர் அவர். "பெரியவன் வேலைன்னா வேலை" என்றார். தினமும் இரண்டு வேளை ஊசி போடுகிற மகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. எட்டு ஐந்துக்குப் பஸ். படம் தாமதமானால் குழுவில் மூன்று கேள்விக்குறி வந்து விழும். அதனால் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தாள்: முதலில் டிக், படம். பிறகு ஊசி.

அன்று பத்தரை மணிக்கு அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, ஊசி போடாம ஓடிட்டியே?"

"போட்டேனேப்பா. டிக் இருக்கு பாருங்க."

"டிக் இருக்கு. ஊசிதான் போடல."

மறுத்துப் பேச வாயைத் திறந்தவள் காலையை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். டிக் அடித்தது ஞாபகம் இருந்தது. அண்ணன் கூப்பிட்டு, 'படம் மங்கலா இருக்கு, வேற அனுப்பு' என்றதும் ஞாபகம் இருந்தது. அதற்கடுத்து பஸ் கம்பிதான். நடுவில் அப்பாவின் வயிறும் ஊசியும் வரவே இல்லை.

"எதையும் தொடாதீங்கப்பா, நான் வந்து பாக்கறேன்."

"நீ வர்ற வரைக்கும் உக்காந்திருக்க நான் என்ன கைக்குழந்தையா? அப்பவே நானே போட்டுக்கிட்டேன். சாப்பாடு இறங்கல. தூக்கம் வருது."

அப்பா போனை வைத்துவிட்டார். கன்னத்தைப் பிடித்தபடி ஒருவர் "அடுத்தது நான்தானே?" என்று கேட்டது அவள் முதுகுக்குத்தான் கேட்டது. ஆட்டோவில் ஆறு முறை அழைத்தாள். அப்பா எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைக்குள் போனதும், குத்தி முடித்த ஊசிகளைப் போட்டுவைக்கும் டின்னைத்தான் திறந்தாள். முந்தின இரவு ஊசிக்குப் பிறகு அவளே காலி செய்த டின். உள்ளே இரண்டு ஊசிகள் கிடந்தன. ஒன்று அப்பா போட்டுக்கொண்டது, மற்றது காலையில் அவள் போட்டது.

அப்பா நாற்காலியில் இருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. விரல்கள் தானாக ஆடின. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா நீ? ஆபீஸ் நேரத்துல உள்ள விட்டது யாரு?"

விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. அவசர எண்ணில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள்: "முழுங்குறாரா? அப்ப உடனே சர்க்கரைத் தண்ணி குடுங்க. வண்டி கிளம்பிடுச்சு. கண்ணு சொருகிச்சுன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க."

சர்க்கரையைக் கரைத்து டம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சர்க்கரை கூடாது. உத்தரவு இருக்கு."

"அப்பா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"யார் காலைப் பிடிச்சாலும் உத்தரவு உத்தரவுதான்." வார்த்தை குழறியது. இமை பாதி இறங்கிவிட்டது.

அவள் ஓடிப்போய் அட்டவணையைப் பிய்த்து வந்தாள். சிவப்பு வரிக்கு அடியில், 'அவசரத்தில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு டம்ளர் தரலாம்' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கையெழுத்து?"

அண்ணனைப் போலவே வாலை நீட்டிப் போட்டாள்.

"தேதி?"

போட்டாள். அவர் கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாக, சாவகாசமாகப் படித்தார். அவள் டம்ளரை மறுபடி அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

"ம்ம். சரியா இருக்கு" என்று வாயைத் திறந்தார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்தபோது எழுபத்தெட்டு. "நல்லவேளை. இது மறுபடி இறங்கும், ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும். அவங்க சொல்லாம அடுத்த ஊசி போடாதீங்க" என்றார் அவர்களில் மூத்தவர். அப்பா அவரிடம் அடையாள அட்டை கேட்டார்.

இரண்டு ஊசி விழுந்த விஷயத்தைக் குழுவில் போட்டதும் அண்ணன் அழைத்தான். "படத்துல டிக் இருக்கே. அப்புறம் எப்படி ரெண்டு தடவை?"

பதில் சொல்ல அட்டவணையைக் கையில் எடுத்தாள். காலைக் கட்டத்தில் டிக். பக்கத்தில், அன்றைய இரவுக் கட்டத்திலும் டிக். அவள் கைதான். எப்போது அடித்தாள் என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் தெரியவில்லை.

"லைன்ல இருக்கியா?" என்றான் அண்ணன்.

மூன்றாவது ஊசி இருக்கிறதா என்று அவள் டின்னைத் தரையில் கவிழ்த்து எண்ணினாள். இரண்டுதான். மறுபடி எண்ணினாள்.