உன் வயலில் பறித்தது

பைபிளில் கை வைத்துப் பொய் சொன்னவன் நான். ஊரில் யாருக்கும் தெரியாது. அக்காவுக்குத் தெரியும், அது போதாதா?

அப்பா தன் உயிலில் ரோட்டோர வயலை டிம்ப்னா அக்காவுக்கும் மற்றதையெல்லாம் எனக்கும் எழுதி வைத்தார். அக்கா அப்போது இங்கிலாந்தில், கவென்ட்ரியில் நர்ஸ். "நீயே மாடு மேய்ச்சுக்கடா. நான் ரிட்டயர் ஆனதும் வந்து அதுல சின்னதா ஒரு வீடு கட்டிக்கிறேன்" என்றாள். பதினாறு வருஷம் என் மாடுகள்தான் மேய்ந்தன. வேலி போட்டேன், தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டினேன், கடைசியில் அது என்னுடையது என்றே ஆகிவிட்டது. பேராசைதான், வேறென்ன சொல்ல.

போன வருஷம் அக்கா வீட்டு பிளானோடு வந்து நின்றாள். நான் வக்கீல் ஹெரட்டியிடம் ஓடினேன்.

"பன்னண்டு வருஷம் நீங்களே வச்சு அனுபவிச்சிருந்தா கேஸ் நிக்கும், மாலக்கி. ஆனா அது அவங்க வயல்னு கையெழுத்து போட்டு எதுவும் எழுதிக் குடுக்கலியே?"

"நான் ஏன் சார் குடுக்கறேன்?"

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. மார்ச் வந்தால் இங்கே எல்லாரும் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு, புனித பேட்ரிக் திருநாளில் சட்டையில் குத்திக்கொள்ள, ஒரு பிடி ஷாம்ராக் இலை அனுப்புவோம். நானும் வருஷம் தவறாமல் ஈரப்பாசியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஒரு கார்டும் வைத்தேன். 'அக்கா, இது உன் வயலில் பறித்தது. மாலக்கி.' பதினாறு கார்டு! அப்புறம், இதையெல்லாம் யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள் என்று நானே தேற்றிக்கொண்டேன்.

கோர்ட்டில் முதலில் நான் சாட்சி சொல்ல ஏறினேன். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். சத்தியமாக இல்லை என்றேன்.

அடுத்து அக்கா. மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கைகள். ஜட்ஜே குனிந்து கேட்டார். "உங்க தம்பி எழுதினது ஏதாவது இருக்காம்மா? கடிதாசி, கார்டு, எதுனாலும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா."

ஜெயித்துவிட்டேன். வெளியே தூறலில் அக்கா கைப்பையைத் திறந்து, பச்சை நாடா கட்டிய கார்டுகளை என் கையில் வைத்தாள். பதினாறும் இருந்தன.

"ஏங்க்கா காட்டல?"

"காட்டத்தான் கொண்டாந்தேன். அதுக்குள்ள நீ பைபிள்ல கை வச்சிட்ட. அத்தனை பேர் முன்னால என் தம்பிய பொய்யன்னு நானே எப்படிடா காட்டிக் குடுப்பேன்? இப்ப பாரு, நானும் பொய்க்காரி ஆயிட்டேன்."

"அப்ப வீடு?"

"கவென்ட்ரிலயே கெடந்துட்டுப் போறேன். விடு."

இந்த மார்ச்சில் பழக்கதோஷத்தில் பறித்தும்விட்டேன். கூசிக்கொண்டே தபாலாபீசுக்குப் போனேன். அங்கே இருக்கும் அட்ராக்டா கேட்காமலே டப்பாவை எடுத்து வைத்தாள். "அக்காவுக்குத்தானே?"

கார்டில் 'அக்கா, இது' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.

"என்ன மாலக்கி, அட்ரஸ் மறந்துபோச்சா?" என்று அட்ராக்டா சிரித்தாள்.

ஆமாம் என்றேன்.