ஒரு தடவைதான் இடியும்

படப்பிடிப்பில் எல்லோரும் அவளை டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எந்நேரமும் ஓர் அளவு டேப் தொங்கும். கேமராவுக்கும் நடிகரின் முகத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து வைத்துக்கொண்டு, ஆள் நகர நகர லென்ஸைத் திருப்பி, முகம் மங்காமல் பார்த்துக்கொள்ளும் ஃபோகஸ் புல்லர் அவள். பதினேழு வருட அனுபவம். வேலை சரியாக இருந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. பிசகினால் தியேட்டர் முழுக்கத் தெரியும்.

அவளை இந்தத் தொழிலுக்கு இழுத்து வந்ததே இயக்குநர் கோணலாரின் படம் ஒன்றுதான். அது அவருடைய சொந்தப் பெயரல்ல. முதல் படம் வந்தபோது, "கதை கோணல், கேமரா கோணல், எடுத்தவரும் கோணல்" என்று ஒரு விமர்சகர் எழுதினார். இவர் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார். போனை எடுத்தால், "கோணல் பேசறேன்" என்பார். அவளை இழுத்த படத்தில், மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகத்தை மட்டும் பத்து நிமிடம் காட்டினார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இவள் அசையாமல் இருந்து பார்த்துவிட்டு, அடுத்த காட்சிக்கும் டிக்கெட் வாங்கினாள். பத்து நிமிடத்தில் அந்த முகம் ஒரு நொடிகூட மங்கவில்லையே, இதை யார் செய்தது என்று விசாரிக்கப் போனவள்தான், இந்தத் தொழிலிலேயே தங்கிவிட்டாள்.

அதனால் அவரிடமிருந்தே அழைப்பு வந்தபோது அவளுக்குக் கை கால் ஓடவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் கணவனுக்கு மட்டும் சிரிப்பு.

"கதவு முன்னாடி பத்து நிமிஷம் நிக்க வெச்சாரே, அவரா? தூக்க மாத்திரைக்கு நாங்க டாக்டர் சீட்டு கேப்போம். அவர் படத்துக்கு டிக்கெட் இருந்தா போதும்."

"நீங்க தூங்குங்க. நான் போறேன்" என்றாள்.

கோணலாரின் தளத்தில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் புத்தியும் உட்கார்ந்துவிடுமாம். எடுப்பதை அப்போதே காட்டும் மானிட்டர் கிடையாது. "பெட்டியையே பாத்துட்டிருந்தா ஆளை யாரு பாக்கறது?" டிஜிட்டல் கிடையாது, பிலிம் சுருள்தான். இரண்டாவது டேக்கும் கிடையாது. கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்பார். ஆனால் ஒன்பது நாள் பிலிமே போடாமல் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு படியிலும் நடிகைக்கு முன்னால் தானே இறங்கிப் பார்த்து, கால் எங்கே தடுக்கும் என்று கேமராமேனுக்குக் காட்டினார். இந்த மனிதரின் கிறுக்கு எல்லாம் மேலே தெரிவது, உள்ளே கணக்கு துல்லியமாக ஓடுகிறது என்று டேப் அக்காவுக்கு மூன்றாம் நாளே புரிந்துவிட்டது.

எடுக்க வேண்டியது ஒரே ஷாட், நாலு நிமிடம். பெரிய மைதானத்தின் இரண்டு முனைகளிலும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இரண்டு காலிக் குடியிருப்புகள். நடிகை ஒன்றின் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வெளியே வந்து மைதானத்தில் நடப்பாள். கேமரா அவளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து, அவளும் கூடவே திரும்ப மெல்லச் சுற்றி, மற்றக் கட்டடம் அவளுக்குப் பின்னால் தெரியும்படி நிற்கும். அப்போது அதை வெடி வைத்துத் தகர்ப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அவள் இறங்கி வந்த வீடே விழுந்ததுபோல இருக்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்க வேண்டும்.

"நாலு கேமரா வெச்சுக்கலாமே?" என்று தயாரிப்பாளர் கெஞ்சினார்.

"கட்டடம் ஒரு தடவைதான் இடியும். அவளும் ஒரு தடவைதான் கேக்கட்டும். நாமளும் ஒரு தடவை பாத்தா போதும்" என்றார் கோணலார்.

இடிப்பு இன்ஜினியர் விசில் ஊதினார். கேமரா ஓடத் தொடங்கியது. படிகள், நடைபாதை, வாசல், மைதானம். எல்லா இடத்துக்கும் டேப் அக்கா அளந்து வைத்திருந்தாள். கையிலிருந்த சக்கரத்தை ஒத்திகையில் செய்தபடியே திருப்பிக்கொண்டு கேமராவின் பக்கவாட்டில் நடந்தாள். நடிகை குறித்த இடத்தில் நின்றாள். வெடித்தது.

நிற்க வேண்டிய நடிகை ஓடினாள். காதைப் பொத்திக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து ஓடி வந்தாள். அந்த ஓட்டத்துக்கு அளவு ஏது? கேமராமேன் இரண்டடி பின்வாங்கினார். டேப் அக்கா நடிகையின் கால்களைப் பார்த்தபடியே சக்கரத்தைத் திருப்பினாள். எவ்வளவு திருப்பினோம் என்று அவளுக்கே தெரியாது. புழுதி வந்து எல்லோரையும் மூடியது. சுருள் தீர்ந்து கேமரா தானாக நின்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். கோணலார் நடிகையின் தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

பிலிம் கழுவ ஊரில் ஒரே ஒரு லேப்தான் மிச்சம். அவர்களும் வாரத்துக்கு ஒருமுறைதான் கழுவுவார்கள். டேப் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ஓட்டம் வந்தது. ஒரு தடவை தெளிவாக, ஒரு தடவை கலங்கலாக. ஐம்பது பேரின் உழைப்பு, திரும்பக் கட்ட முடியாத ஒரு கட்டடம், தான் இருபது வருடமாகக் கொண்டாடும் ஒருவரின் படம், எல்லாம் தன் இரண்டு விரலில் போய்விட்டதோ? கணவன் கேலியை நிறுத்தியிருந்தான். "அவர்கிட்ட கேட்டுத்தான் பாரேன்" என்று மட்டும் நாளுக்கு இரண்டு தடவை சொன்னான்.

ஆறாம் நாள் காலையில் அவள் கோணலாரின் வீட்டுக்கே போய்விட்டாள். கதவைத் திறந்தவர் கையில் இஸ்திரிப் பெட்டி. கூடம் முழுக்க மடித்த துணி. சட்டை, வேட்டி, கைக்குட்டை, திரைச்சீலை, கால் துடைக்கிற துணியைக்கூட விட்டுவைக்கவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும். அந்தக் கடைசி ஓட்டத்துல கைக்கு வந்ததைச் செஞ்சேன். சரியா தப்பான்னு எனக்குத் தெரியலை. தப்பா இருந்தா அது என் தப்பு. கேமராமேன் மேல கோவப்படாதீங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்தார். "லேப்லேர்ந்து முந்தாநாளே கூப்பிட்டாங்கம்மா. ரெடியாம்."

"பாத்துட்டீங்களா?"

"இல்லை."

"ஏன் சார்?"

"பயம்."

அவள் மடித்த துணிகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"எடுக்கும்போது பயம் வராது, அப்ப வேலை இருக்கும். எடுத்து முடிச்சப்புறம்தான் வரும். முப்பது வருஷமா இப்படித்தான். எப்பவும் என் மனைவி போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவா. இந்தத் தடவை அவ ஊர்ல இல்லை."

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள்! இரண்டு நாளாக இவர் கால் துடைக்கிற துணியைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார், அவள் அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"கிளம்புங்க சார்."

"சட்டை மாத்திக்கட்டுமா?"

"தேச்சது நாப்பது இருக்கு. ஒண்ணை மாட்டிட்டு வாங்க."

லேப்பின் திரையறையில் பன்னிரண்டு இருக்கைகள். புரொஜக்டர்காரர் விளக்கை அணைத்தார். மூன்றாம் மாடி தெளிவு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் முகம் ஒரு மூச்சு நேரம் மங்கித் தெளிந்தது. கவலையே படாத இடமாயிற்றே அது! அப்புறம் வாசல், வெயில், மைதானம். பின்னால் அந்தப் பெரிய கட்டடம் முழங்கால் மடங்குவதுபோல உட்கார்ந்தது. நடிகை ஓடி வந்தாள். இமையில் ஒட்டியிருந்த புழுதி வரை தெரிந்தது. கன்னத்தில் தசை துடித்தது தெரிந்தது. கடைசியில் திரை முழுக்க அந்த முகம்தான், கண்ணாடி மாதிரி.

கோணலார் கத்திக்கொண்டே எழுந்துவிட்டார். அவர் தலையின் நிழல் திரையில் விழுந்தது.

"உக்காருங்க சார், மறைக்குது!" என்றார் புரொஜக்டர்காரர்.

மூன்று தடவை ஓட்டச் சொன்னார்கள். மூன்றாவது தடவைதான் டேப் அக்கா ஃபோகஸை மறந்து ஷாட்டைப் பார்த்தாள். கட்டடம் விழுவதைக் காட்ட எவருக்கும் தோன்றும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு முகத்தின் மேல் எல்லாவற்றையும் பந்தயம் வைக்க இந்த ஆளுக்குத்தான் தோன்றும். நான்கு கேமரா இருந்திருந்தால் ஆளுக்கொரு துண்டு கிடைத்திருக்கும். இந்த ஓட்டம் கிடைத்திருக்காது. தான் கொண்டாடியது வீண் போகவில்லை என்று நினைத்தபோது, ஆறு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல இருந்தது.

"சார், அந்த ரெண்டாவது மாடி..." என்று இழுத்தாள்.

"பாத்தேன். அதுக்கு நாளைக்குச் சண்டை போடலாம். இன்னிக்கு என்னால முடியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கைக்குட்டையிலும் மடிப்புக் கலையவில்லை.

வாசலுக்கு வந்து கணவனைக் கூப்பிட்டாள். "சரியா வந்திருக்குங்க."

மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மட்டும் கேட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. மாத்திரை எண்ணிட்டிருந்தேன். நீ சொன்னதுல எண்ணிக்கை விட்டுப்போச்சு, முதல்லேர்ந்து எண்ணணும்." மாத்திரைகளை டப்பாவில் திரும்பக் கொட்டும் சத்தம் கேட்டது. "வீட்டுக்குப் போய் முதல்ல சாப்பிடு."

அவள் போய்ச் சாப்பிட்டாள். பாத்திரத்தில் இருந்ததையெல்லாம் வழித்துச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து கூடத்துத் தரையில் சும்மா சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனாள். ஜன்னல் வெயில் காலிலிருந்து ஏறி முகத்துக்கு வந்தபோதும் அவள் புரண்டு படுக்கவில்லை.