ஏற்றத்தில் ஓர் அட்டைப்பெட்டி

1

“ஏட்டி, நான் எப்பம் அழுதேன்?”

“கதைக்காக எழுதுனதுங்க்கா.”

“வண்டி ஆஃப் ஆச்சு, திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். அதுல அழுகை எங்க வந்துச்சு? அதையெல்லாம் அடிச்சுரு.”

அடித்துவிட்டேன். [இங்கே பதினொரு வரி அழுகை இருந்தது.] இந்தக் கதை பிறந்த இடம் அந்த அதட்டல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதட்டியவர் பிரிசில்லா அக்கா. சாத்தான்குளத்துப் பக்கம். அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் எட்டு வருடமாக டெய்லர். நான் வினிதா, அதே லைனில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங், சாப்பாட்டு நேரத்தில் மொழிபெயர்ப்பு நாவல். கம்பெனியின் டெலிவரி வண்டிக்கு டிரைவர் வேண்டும். அக்காவுக்கு அந்த வேலை வேண்டும். இன்னும் எட்டு நாளில், வெள்ளிக்கிழமை, ஓட்டிக் காட்ட வேண்டும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

பனி மூடிய மலைப்பாதையில் அந்தச் சரக்கு வண்டி

வேண்டாம். அருள்புரத்தில் ஏது பனி?

(நான் படிக்கும் நாவல்களில் “கிளட்சை விடுவித்துக் கிளம்பினான்” என்று அரை வரியில் போய்விடுகிறார்கள். அந்த அரை வரிக்குள் அக்கா மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக மாட்டிக்கொண்டிருந்தார். சர்ச் முடிந்ததும் நேராகக் கம்பெனிக்கு வந்து, அதே வண்டியில் பழகினார்.)

லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச் உண்டு. அக்கா ஓட்டியதாக நினைத்ததில் பாதி மாஸ்டர் ஓட்டியது.

3

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரர், வண்டி ஏன் ஒவ்வொரு தடவையும் அணைந்துபோகிறது? பயம் என்று எழுதினேன். பொய்.

தையல் மிஷினில் பெடலை மிதித்தால் ஓடும். நிறுத்த வேண்டுமென்றால் காலை எடுக்க வேண்டும். ஊசி விரலை நெருங்கினால் யோசிக்கவே கூடாது, வெடுக்கென்று எடுத்துவிட வேண்டும். எட்டு வருடமாக அந்தக் கால்கள் படித்த பாடம் அதுதான். வண்டியில் சின்னதாகத் தூக்கிப்போட்டாலும் இரண்டு கால்களும் மேலே வந்துவிடும், கிளட்ச் ஒரேயடியாக விடுபட்டுவிடும். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும்.

“எட்டு வருசப் பழக்கம். எட்டு நாள்ல மாத்துதேன் பாரு.”

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில், மிஷினை அணைத்துவிட்டு, கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பெடலை மிதித்து, இருபது வரை எண்ணிக்கொண்டே மெல்ல மெல்ல விடுவார். சூப்பர்வைசர் சித்ராதேவி பார்த்துவிட்டார்.

“ஏனுங்க பிரிசில்லா, கரண்ட் இல்லாமயே புரொடக்‌ஷன் எடுக்கறீங்களா?”

“பதினாலு, பதினஞ்சு” என்றார் அக்கா.

5

(நான்கு இல்லை. வியாழக்கிழமை வரை அங்கே இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் வண்டி வெண்ணெய் மாதிரி ஏறுகிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் அக்கா தலைகுனிந்து மிஷினுக்குத் திரும்புகிறார். அதைப் படித்தால் என்னை உதைப்பார். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

வெள்ளிக்கிழமை. குடோனுக்குப் போகும் ஏற்றம். டிரான்ஸ்போர்ட் பொறுப்பில் இருக்கும் தங்கதுரை, பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பின்சக்கரத்துக்கு ஓரடி பின்னால் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்தார்.

“இதுல படாம மேல எடுங்க அம்மிணி. கைபிரேக்கத் தொடக்கூடாதுங்க. பட்டுச்சுன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறமுங்க.”

அக்கா பிரேக்கை மிதித்தபடியே எண்ணத் தொடங்கினார். கிளட்ச் மெல்ல வந்தது. பன்னிரண்டு வரை எண்ணி, பிரேக்கை விட்டிருப்பார். மேலிருந்து வந்த பைக் ஒன்று குறுக்கே வெட்டியது. கால்களுக்குப் பழைய பழக்கம்; வண்டி குதித்தது, அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்யும் அவசரத்தில், பிரேக்கை மறந்து கிளட்சை மட்டும் மிதித்துவிட்டார். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. நான் கண்ணை

மூடவில்லை. அதனால்தான் பார்த்தேன். பின்விளக்கு இரண்டும் சட்டென்று சிவந்தன. பிரேக். பதறும்போது அந்தக் கால் முதல்முறையாக மேலே போகாமல் கீழே இறங்கியிருக்கிறது. தங்கதுரை விளக்கைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றுவிட்டது. பெட்டியின் ஒரு முனை மடங்கியிருந்தது. பட்டதா? பட்டது. நசுங்கியதா? இல்லை.

தங்கதுரை சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. அவர் நின்ற இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். குனிந்து பெட்டியைப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து பாருங்கள். ஜன்னல் வழியாக ஒரு தலை நீள்கிறது. கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“அண்ணாச்சி, பெட்டிய எடுக்காதீங்க, அங்கனயே கிடக்கட்டும். நான் இன்னும் பிரேக்க விடல. இங்கேருந்தே மேல ஏத்திக் காட்டட்டுமா?”