அவள் அங்கே வேலை பார்க்கவில்லை

சந்திரலேகா அந்தத் தேர்வுக்குப் படித்தது பதினோரு மாதம். முதல் இரண்டு மாதம் அவள் படிக்கும்போது டீ போட்டுக் கொடுத்தேன். மீதி ஒன்பது மாதம் அவளைச் சந்தேகப்பட்டேன்.

2013 ஏப்ரலில் தொடங்கியது. நாங்கள் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில், தாயாரம்மாள் என்பவர் தன் நெல் வயலில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட எட்டு அறைகளில் ஐந்தாவதில் குடியிருந்தோம். நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் இருந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் நம்பாமல் எடுத்து அளந்து பார்ப்பதற்குத்தான் சம்பளம். அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸ். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்.

அது வளைகுடா நாட்டு நர்ஸ் லைசென்ஸ் தேர்வு. சென்னையில் ஒரு மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்கு முன் இவளுடைய சான்றிதழ்களும் பழைய வேலை அனுபவமும் உண்மைதானா என்று ஒரு கம்பெனி சரிபார்க்கும். அது முடிந்தால்தான் தேர்வுத் தேதி. பாஸ் ஆனால் லைசென்ஸ், லைசென்ஸ் இருந்தால் வேலை. அவள் முதலில் போவது, ஒரு வருடம் கழித்து என்னை அழைத்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தோம்.

அவளோடு சேர்ந்து படித்தவர் யாக்கோபு. குன்றத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஆண் நர்ஸ். எங்கள் கல்யாணத்துக்கு முன் சங்கரன்கோவிலில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இரண்டு வருடம் அவளும் அவரும் ஒன்றாக வேலை பார்த்திருந்தார்கள். அதை அவளேதான் சொன்னாள். சொல்லாமல் மறைத்திருந்தால் கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன் என்று அப்போது தோன்றியது. சந்தேகம் வந்தவனுக்கு எதைச் சொன்னாலும் சாட்சிதான்.

அவர்கள் படித்த முறை வேறு மாதிரி. புத்தகத்தை வாசித்தால் மனதில் நிற்பதில்லையாம். போனில் ஒருவர் நோயாளி ஆகிவிடுவார். மற்றவர் நர்ஸாக இருந்து வாய்விட்டுப் பேச வேண்டும். முதலில் என்ன கேட்பாய், எதை முதலில் செய்வாய், டாக்டரை எப்போது கூப்பிடுவாய் என்று தேர்வில் கேட்பது அதைத்தானாம். நைட் டியூட்டி முடிந்து அவள் வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில், நான் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருக்கும்போது, இது நடக்கும்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவனை தாயாரம்மாள் நிறுத்தினார்.

"இன்னா தம்பி, உன் வூட்டம்மா பகலெல்லாம் யார்கூடயோ 'மூச்ச இழுங்க, மெதுவா வுடுங்க'ன்னு பேசிகினே கீதே. போன்லயே பிரசவம் பாக்குதா?"

நான் சிரித்தேன். பக்கத்து அறைக்காரர்களும் சிரித்தார்கள். அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

அதன்பின் அவள் குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். நாற்பது நிமிடம், ஐம்பத்திரண்டு நிமிடம், முப்பத்தைந்து. என்னோடு அவள் போனில் பேசியது எதுவும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு நாள் வயிற்று வலி என்று சூப்பர்வைசரிடம் பொய் சொல்லிவிட்டு நண்பகலில் வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வெளியே நின்று கேட்டேன்.

"நெஞ்சு வலிக்கா? எவ்வளவு நேரமா? இடது கைக்கு இறங்குதா? படுக்காதீங்க, சாஞ்சு உக்காருங்க. பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்."

நோயாளியிடம் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கடைசி வாக்கியத்தை என்னால் விட முடியவில்லை. மூன்று வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலில் அவள் என்னிடம் எதையும் சொன்னதாக நினைவில்லை.

அன்று கேட்டேவிட்டேன், படிப்பதற்கு அந்த யாக்கோபுதான் வேண்டுமா என்று. அவள் கோபப்படவில்லை. "அப்ப நீங்க நோயாளியா படுங்க. உங்களையே கேக்கேன்" என்றாள். படுத்தேன். எனக்குச் சர்க்கரை குறைந்து மயக்கம் வருகிறது என்று வைத்துக்கொண்டு என்னென்னவோ கேட்டாள். நாலாவது கேள்வியில் தூங்கிவிட்டேன். விழித்தபோது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நோயாளி இறந்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தூங்கியதும் அவருக்குப் போன் செய்திருப்பாளோ என்று அவள் போனைத்தான் தேடினேன்.

சண்டைகள் வந்தன. கொஞ்ச நாளில் என் முன்னால் தேர்வைப் பற்றிப் பேசுவதையே அவள் விட்டுவிட்டாள். விண்ணப்பத் தாள்களை ஆஸ்பத்திரி லாக்கரில் வைத்துக்கொண்டாள். அதில் என்ன எழுதினாள், யார் பெயரைப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மறைக்கிறாள் என்பதற்கு அதுவே போதும் என்று இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் பதினொரு மணி டீ பிரேக். லைனில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது. குவாலிட்டி ஆட்களுக்கு மட்டும் அனுமதி. தெரியாத நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. மென்மையான ஆண் குரல்.

"சந்திரலேகா இருக்காங்களா?"

யார் நீ என்றேன். அவர் ஏதோ கம்பெனிப் பெயரைச் சொன்னார். பின்னால் கம்ப்ரஸர் ஓடியது, சரியாகக் கேட்கவில்லை. அடுத்து அவர் கேட்டது தெளிவாகக் கேட்டது. சங்கரன்கோவில் நர்சிங் ஹோமில் சந்திரலேகா இரண்டு வருடம் வேலை பார்த்தார் அல்லவா, நீங்கள் அதை உறுதிப்படுத்த முடியுமா என்றார்.

யாக்கோபு இருந்த நர்சிங் ஹோம். அந்தப் பெயரைச் சொல்லி முன்பின் தெரியாத ஒருவன் என் மனைவியை என் போனில் கேட்கிறான். அவன் யாக்கோபின் ஆள், என்னை ஆழம் பார்க்கிறான் என்று நினைத்தேன். இல்லை, அவ்வளவு கூட நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"அப்படி யாரும் அங்க வேலையே பாக்கல. இனிமே இந்த நம்பருக்குப் போன் பண்ணாத."

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நன்றி சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. பிரேக் முடிந்து மணி அடித்தது. போய் அளக்க உட்கார்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவள் நெட் சென்டரில் எடுத்த ஒரு தாளோடு வந்தாள். சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாள். இரண்டு வருட அனுபவம் உறுதியாகவில்லை, தொலைபேசி விசாரணையில் மறுக்கப்பட்டது, விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது. விசாரித்த தேதியும் போட்டிருந்தது. அந்தத் தேதியைப் பார்த்ததும் கம்ப்ரஸர் சத்தம் என் காதுக்குள் கேட்டது.

சொல்லியிருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவள் சந்தேகம் வேறு பக்கம் போனது. நர்சிங் ஹோமில் மூன்று வருடம் வேலை பார்ப்பதாகப் பாண்டு எழுதிக் கொடுத்துச் சேர்ந்தவள் அவள். என்னைக் கல்யாணம் செய்வதற்காக ஒரு வருடம் முன்பே விலகினாள். பார்த்துக்கொள்கிறேன் என்று அதை நடத்தும் டாக்டர் அன்றைக்கே மிரட்டலாகச் சொன்னாராம். விசாரித்தவர்களிடம் அவர்தான் இல்லை என்று சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டினாள். யாக்கோபிடம் சொன்னாள், ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் சொன்னாள், ஊருக்குப் போன் செய்து தன் தம்பியிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டவர் ஆகிக்கொண்டே போனார். நான் தலையாட்டினேன்.

இரண்டு பேரும் லீவு போட்டுச் சங்கரன்கோவில் போனோம். டாக்டர் வயதானவர். மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நர்சிங் ஹோம் போன் ஆறு மாதமாக வேலை செய்யவில்லை என்றார். பிறகு புதிதாக ஒரு கடிதம் தட்டச்சு செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, தன் செல் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். பாண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "பொய் சொல்லுதாரு. ஒரு தடவையாவது மூஞ்சியப் பாத்துப் பேசுனாரா, பாத்தீயளா?"

பார்த்தேன் என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் மறுவிண்ணப்பம் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஐசியூவில் எட்டு மணி நேரம் போனைத் தொட முடியாது என்பதால் முதல் தடவை போலவே இப்போதும் தொடர்புக்கு என் நம்பரைத்தான் போடப்போகிறாளாம். போன் வந்தால் கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள் என்றாள். சரி என்றேன். நர்சிங் ஹோம் போன் கிடைக்காததால்தான் அவர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாக்கோபின் நம்பரைப் போட்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். அவள் புருஷன் நம்பரைப் போட்டாள்.

ஜனவரியில் அதே மென்மையான குரல் வந்தது. இந்த முறை கேண்டீனுக்கு வெளியே ஓடிப் போய் நின்று பேசினேன். தேதி, டாக்டர் பெயர், வார்டு எல்லாம் சொன்னேன். போன முறை இதே நம்பரில் ஒருவர் இல்லை என்று சொன்னாரே என்று கேட்டார். போனை யாரோ எடுத்திருப்பார்கள், எனக்குத் தெரியாது என்றேன். அவருக்கும் ஒரு பொய்.

பிப்ரவரியில் சரிபார்ப்பு முடிந்தது. மார்ச் பத்தாம் தேதி தேர்வு. அந்தக் கடைசி மாதம் அவள் வெறி பிடித்தவள் போலப் படித்தாள். சமைக்கும்போது மருந்தின் அளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தாயாரம்மாளின் முழங்கால் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்து, தேர்வில் வரும் கேள்வி மாதிரியே நாலு கேள்வி கேட்டாள். அவர் மிரண்டுபோனார். நான் போனைச் சோதிப்பதை விட்டிருந்தேன். ஆனால் சந்தேகம் என்னை விட்டுப் போகவில்லை, ஆள் மட்டும் மாறியது. இப்போது யாக்கோபு இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்பதுதான். தண்ணீர் கொடுக்கும்போது அவள் பேசாமல் இருந்தால், தெரிந்துவிட்டது என்று நினைப்பேன். பேசினால், எதற்காக இன்று இவ்வளவு பேசுகிறாள் என்று நினைப்பேன்.

தேர்வு அன்று மையத்தின் வாசலில் அவள் பையை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே வளையலைக் கூடக் கழற்றச் சொன்னார்களாம். அன்றைக்குத்தான் யாக்கோபை முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான ஆள், முன் தலை வழுக்கை, சட்டைப் பையில் பிள்ளைகளின் போட்டோ. அவரும் எழுத வந்திருந்தார். "அண்ணே, அக்கா இல்லாட்டி நான் இந்த அளவுகூடப் படிச்சிருக்க மாட்டேன்" என்றார். அவள் அவருக்கு அக்கா என்பது எனக்குப் பதினோரு மாதமாகத் தெரியாது.

இரண்டரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். கையில் ஒரு தாள். அதில் ஒரே ஒரு சொல்லைக் காட்டினாள். பாஸ். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அந்தத் தாளின் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றோம். யாக்கோபு அடுத்து வந்தார். அவர் பாஸ் ஆகவில்லை. அவள் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, எந்தக் கேள்வியில் தவறியது என்று அவரிடம் கேட்டுக்கொண்டே அவரையும் பஸ் ஸ்டாப் வரை அழைத்து வந்தாள்.

லைசென்ஸ் வந்தது. வேலையும் கிடைத்தது. 2014 நவம்பர் இருபத்துநாலாம் தேதிக்கு டிக்கெட். நான் அங்கே எப்போது வருவது என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். அவள் வேலை பார்த்த அதே ஐசியூவில், அவளுடன் வேலை பார்த்த பெண்களே பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மாலை கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என்னை உள்ளே விட்டார்கள்.

"அந்த டாக்டரப் பத்தி ஊரெல்லாம் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவர்தானே இல்லை என்று சொன்னார் என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டாவது தடவ உங்ககிட்டப் பேசுனவரு எனக்கும் போன் பண்ணுனாரு. உங்க நம்பர்ல ரெண்டு தடவையும் ஒரே குரல்தான் பேசிச்சுன்னாரு."

ஜனவரியிலேயே அவளுக்குத் தெரியும். பத்து மாதம் என்னோடு ஒரே அறையில் இருந்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க ஏதாவது பதில் சொல்லிருப்பீங்க. அதுக்கப்புறம் என்னால உக்காந்து படிச்சிருக்க முடியாது. எனக்குப் பாஸ் ஆவணும்." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "டாக்டர்ட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க."

ஒன்பதாம் தேதி காலை இறந்தாள்.

என் ஒரு வாக்கியம் ஐந்து மாதத்தைத் தள்ளிப்போட்டது. தள்ளிப்போடாமல் இருந்தால் ஜூனிலேயே போயிருப்பாள், நவம்பரில் இங்கே இருந்திருக்க மாட்டாள். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை. போயிருந்தால் என்னை அழைத்திருப்பாளா என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை சொல்ல ஆள் இல்லை.

காரியம் முடிந்து இரண்டு வாரம் கழித்துச் சங்கரன்கோவில் போனேன். நோயாளிகளோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். முறை வந்ததும் என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி, முதல் போனில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை கண்ணாடியைத் துடைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நான்தான் குனிந்துகொண்டேன்.

"பரீட்சை எழுதுனாளா?" என்று கேட்டார்.

பாஸ் ஆனாள் என்றேன்.

"எத்தன மார்க்?"

"அதுல மார்க் கிடையாது சார். பாஸ்னு மட்டும்தான் போடுவாங்க."

அவர் தலையசைத்தார். வாசலில் நின்ற நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். எழுந்து வெளியே வந்தேன்.