டாக்டர் நீலமேகத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ்

"தலைக்குப் பின்னாடி வெளிச்சம் பத்தலையேம்மா," என்றார் வியாபாரிகள் சங்கச் செயலாளர் பொன்ராஜ். கம்ப்யூட்டர் திரையில் டாக்டர் நீலமேகம் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மாயா மவுஸை நகர்த்தினாள். டாக்டரின் வழுக்கைக்குப் பின்னால் ஒளிவட்டம் இன்னும் ஒரு சுற்று பெருத்தது.

"இப்பதான் முகத்துல களை வந்திருக்கு. மூணு மாசமா ஏரியாவே அநாதையா கெடந்துச்சு. திங்கக்கிழமை கிளினிக் தொறக்குறாரு. 'அயல்நாட்டுப் பயணம் முடித்து வரும் கைராசி டாக்டரே, வருக'ன்னு போட்டுரு. கீழ எங்க படமெல்லாம் வரட்டும்."

"அவரு ஃபாரின் போவல சார்," என்றாள் மாயா.

அதற்குள் பொன்ராஜின் செல்போன் அடித்துவிட்டது. ஏதோ பெயின்ட் லோடு வரவில்லையாம். யாரையோ திட்டிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

டோல்கேட் பக்கத்தில் தவ்ஃபீக் பாயின் ஃபிளெக்ஸ் கடையில் மாயா டிசைனர். அந்த வட்டாரத்தில் ஃபிளெக்ஸ் இல்லாமல் யாரும் காது குத்திக்கொள்ளவும் முடியாது, கண்ணை மூடவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரனோடு பேச்சுவார்த்தையே இல்லாதவனை மக்களின் தோழனாக்கியிருக்கிறாள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனைக் கல்விக் காவலராக்கியிருக்கிறாள். அதற்கெல்லாம் அவள் கை கூசியதில்லை, வயிற்றுப்பாடு. இந்த முகம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவள் புருஷன் பாரி, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வெல்டர். தகடு ஒன்று பாதத்தைக் கிழித்தபோது கூட இருந்தவர்கள் அவனை நீலமேகத்திடம்தான் தூக்கிப் போனார்கள். அவர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. தையல் போட்டு, ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். வீக்கம் என்று போனபோதும் அதே மாத்திரை, நாற்றம் என்று போனபோதும் அதே மாத்திரை. "ஆறிடும் போ." அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முழங்காலுக்குக் கீழே எதையும் மிச்சம் வைக்க முடியவில்லை.

மாயா மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டாள். விசாரணை, வாய்தா, மறுபடி விசாரணை என்று நடையாய் நடந்தாள். 'நோயாளி தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லவில்லை' என்றார் டாக்டர். கேட்டுப் பார்த்திருக்க வேண்டியது உங்கள் வேலை என்றது கவுன்சில். முடிவில் மூன்று மாதம் வைத்தியம் பார்க்கக் கூடாதென்று பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்கினார்கள். ஒரு காலுக்கு மூன்று மாதம். அந்த உத்தரவு ஆங்கிலத்தில் அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று வந்ததோடு சரி. கிளினிக் ஷட்டரில் 'டாக்டர் வெளிநாடு சென்றுள்ளார்' என்று அட்டை தொங்கியது. தெருவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாரியைப் பற்றித் தெருவுக்குத் தெரிந்தது வேறு: குடித்துக் குடித்துக் காலை அழுகவிட்டவன். பண்டிகைக்குக்கூட பீர் தொடாத மனிதன் அவன்.

அன்று சாயங்காலம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில், செருப்பைக் கழற்றும்போதே விஷயத்தைச் சொன்னாள். பாரி டிவி சத்தத்தைக் குறைத்தான்.

"அடிச்சிக் குட்த்துட்டு வா. உன் வேல அதான?"

"தண்டன வாங்கினவரு, ஃபாரின் போய்ட்டு வந்தாராம். அத்த நான் என் கையால அடிக்கணுமா?"

"இன்னா மாயா, இன்னும் அத்தையே நெனச்சிக்கினு கீற. ஊருக்குத் தெரிஞ்சா இன்னா, காலு மொளைக்கவா போவுது?"

"காலு மொளைக்காது. உன்ன குடிகாரன்னு சொல்றாங்கய்யா. ரேஷன் கடையில என் மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க."

பாரி டிவி சத்தத்தைக் கூட்டினான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. டாக்டர் மேலா, தெரு மேலா, இவன் மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

மறுநாள் கடையில் உட்கார்ந்ததும் 'அயல்நாட்டுப் பயணம்' என்ற வரியை அழித்தாள். நடந்தது முழுவதையும் எழுதத்தான் ஆசை. எழுதினால் எறும்பு எழுத்தாகிவிடும், ரோட்டில் போகிறவன் நின்று படிக்க மாட்டான். குறைத்துக் குறைத்துக் கடைசியில் இப்படி நிறுத்தினாள்: 'மெடிக்கல் கவுன்சில் விதித்த மூன்று மாதத் தண்டனை முடிந்து மீண்டும் வரும் டாக்டர் நீலமேகம் அவர்களே, வருக.' தண்டனை என்ற சொல்லை மட்டும் சிவப்பில், பெரிதாக வைத்தாள். தண்டனை என்று பார்த்தால் எதற்கு என்று யாராவது கேட்காமலா போவார்கள்?

வழக்கம்போல மாதிரியைப் பொன்ராஜுக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். வேலை போகும் என்று தெரிந்தேதான் அனுப்பினாள். உடனே குரல் பதிவு வந்தது. "சூப்பர்ம்மா. என் படம் மட்டும் டீக்கடை அப்சல் பாய் படத்தைவிட சின்னதா இருக்கு, கொஞ்சம் பெருசாக்கு." தவ்ஃபீக் பாய் மிஷினிலிருந்து உருண்டு வந்த ஃபிளெக்ஸை எட்டிப் பார்த்தார். "செவப்பு கொஞ்சம் தூக்கலா கீதேம்மா," என்றார். அவ்வளவுதான். ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வைக்கிறது, படிக்கிறவர் ஒருவர்கூட இல்லை.

திங்கட்கிழமை கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளினிக் வாசலுக்குப் போனாள். நல்ல கூட்டம். ஃபிளெக்ஸ் இரண்டு கம்பத்துக்கு நடுவில் விறைப்பாக நின்றது. காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் அண்ணாந்து, எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். அக்கம்பக்கம் பேச்சு அடங்கியது. மாயா இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள்.

"தண்டனையா? இன்னாத்துக்கு?" என்றாள் அந்தப் பெண்.

"இன்னாத்துக்கா?" என்றார் டீக்கடை அப்சல் பாய். அவருக்கு எதற்கும் பதில் உண்டு. "நம்ம கைல கம்மியா வாங்கிக்கினு பாக்குறாரு இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்காரனுங்களுக்கு வயிறு எரியாதா? எவனோ போட்டுக் குட்த்துட்டான். நம்ம மனசு கஷ்டப்படும்னு மனுசன் ஃபாரின்னு சொல்லிக்கினு வூட்லயே கெடந்துக்கீறாரு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்ராஜ் அப்போதுதான் முதன்முதலாகப் படித்து, வாய் பிளந்து, கூட்டத்தின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று மூடிக்கொண்டார். "நான்தான் போடச் சொன்னேன். உண்மைய எதுக்கு மறைக்கணும்?"

மாயாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. 'சிறை மீண்ட சிங்கமே' என்று எத்தனை பேருக்கு இதே கையால் அடித்திருக்கிறாள். ஃபிளெக்ஸில் ஏறிவிட்டால் ஜெயிலும் பட்டம்தான், தண்டனையும் மாலைதான். இது தெரியாமலா இத்தனை வருஷம் இந்தத் தொழில் பார்த்தாள்?

"அதுக்கில்ல," என்றாள் சத்தமாக. "என் வூட்டுக்காரரு காலுக்கு சுகர் பாக்காம தையல் போட்டு அழுவ வுட்டாரு. காலையே எட்த்துட்டாங்க. அதுக்குத்தான் தண்டன. அவரு குடிக்கறவரு இல்ல."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைக்காரப் பெண்ணின் முகத்தில் நிஜமாகவே இரக்கம் தெரிந்தது. "பாவம்மா. ஆனா அவரும் சுகர் கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். சொல்லிவிட்டு வரிசையில் தன் இடம் போய்விடாமல் ஓரடி முன்னால் நகர்ந்துகொண்டாள்.

கார் வந்து நின்றது. டாக்டர் நீலமேகம் இறங்கி ஃபிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றியது. அங்கே அதைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். கைதட்டல் எழுந்தது, மாலை விழுந்தது. அவர் கண்கள் கூட்டத்தைத் துழாவி, மாயாவின் மேல் ஒரு கணம் நின்று, கடந்து போயின. இரண்டு கைகளும் மெல்ல உயர்ந்து கூப்பிக்கொண்டன.

"அம்மாடி, நீயே ஒரு படம் எடு, உனக்குத்தான் சரியா வரும்," என்று பொன்ராஜ் தன் செல்போனை அவள் கையில் திணித்துவிட்டு டாக்டரின் பக்கத்தில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அப்சல் பாய் மறுபக்கம். திரையில் மூன்று பேரும் தெரிந்தார்கள். தலைக்கு மேல் பாதிச் சிவப்பு எழுத்து வெட்டுப்பட்டிருந்தது.

"கொஞ்சம் பின்னாடி போம்மா," என்றார் பொன்ராஜ். "எழுத்து முழுசா வரணும்."

மாயா ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னும் ஒரு அடி. முதுகில் பஸ் ஹாரன் அலறியது. திரையில் எல்லாம் முழுதாக வந்திருந்தது. மூவரும் சிரித்தபடி காத்துக்கொண்டிருக்க, அவள் கட்டைவிரல் பொத்தானின் மேல் அப்படியே நின்றது.