இரண்டு பக்கம் போதும் என்றாள் அம்மா

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று என்மேல் பழி வரக்கூடாது.

என் அம்மா மெலிண்டா, ஐம்பது வயது, பள்ளி உணவுக்கூடத்தில் சமைக்கிறவள். வருகிற சனிக்கிழமை, பள்ளிப் பேருந்து ஓட்டும் வெண்டலைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஏற்கெனவே மணமுறிவு ஆனவர்கள் கல்யாண உரிமம் கேட்டால் பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் காட்ட வேண்டும். அம்மாவிடம் அது இல்லை.

"வெள்ளத்துல போயிடுச்சு கண்ணு," என்றாள்.

எங்கள் வீட்டுக்கு வெள்ளம் வந்ததே இல்லை. நாங்கள் மேட்டில் இருக்கிறோம். ஒஹாயோ ஆறு எங்கள் வீட்டுக்கு வரவேண்டுமென்றால் முதலில் தேவாலயத்தின் கோபுரத்தை விழுங்க வேண்டும்.

தாள் இல்லாததால் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, நான் ஆறு வயது வரை இருந்த கவுண்டிக்குப் போய், அங்குள்ள நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும். "வண்டிய நான் ஓட்டுறேன். உள்ள நீ போ, நீதான் படிச்சவ," என்றாள். கூடவே இதையும்:

"ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் வாங்கு. ரெண்டு பக்கம். பின்னாடி இணைச்சிருக்கறதெல்லாம் வேணாம்."

"பின்னாடி என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? கட்டில் யாருக்கு, துவைக்கிற மெஷின் யாருக்குன்னு எழுதியிருக்கும்."

பல் மருத்துவரிடம் போகும் நாளை நினைவு வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என் அம்மா. பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு எத்தனை பக்கம் என்று அவளுக்கு நினைவிருக்கிறது. சந்தேகம் அங்கே தொடங்கியது. கதையும்.

2

தொடக்கங்கள். எல்லாம் தோற்றவை.

(அ) தந்தையின் குற்றத்தைத் தேடி ஓர் இளம்பெண் நீதிமன்றப் படிகளில் ஏறி—

வேண்டாம். குற்றவாளி யார் என்று நான் முன்பே தீர்மானித்துவிட்டது தெரிகிறது.

(ஆ) வாசலில் நின்ற காவலர் என் பேனாக்கத்தியை வாங்கித் தட்டில் போட்டபோது—

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் பேனாக்கத்தி கிடையாது. அவர் வாங்கி வைத்தது சாவிக்கொத்து.

(இ) எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா எங்களை வீட்டைவிட்டு வெளியே தள்ளினார்.

இது நான் புதிதாக எழுதிய வாக்கியமல்ல. பதினேழு வயதில், கல்லூரி விண்ணப்பத்தில், "உங்களை உருவாக்கிய ஒரு நிகழ்வு" என்ற தலைப்புக்குக் கீழே எழுதியது.* எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உள்ளே விட்டது இந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். கறுப்புக் குப்பைப் பைகளில் எங்கள் துணிகள். பின்சீட்டில் அந்தப் பைகளின்மேல் நான். அப்பா வேலை செய்த சரளைக் கிடங்கைக் கடக்கும்போது அம்மா திரும்பி, "போர்வைய மூடிக்கிட்டுப் படு," என்று சொன்னது. அதற்கு அடுத்த வரியாக நான் எழுதியது: "அவள் அவமானத்தில் கூனிப்போயிருந்தாள்."

* கட்டுரையைப் படித்த அதிகாரி அழுதாராம். அவரே கடிதம் எழுதிச் சொன்னார். அந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். பாத்திரம் ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்தது.

3

இரண்டாவது மாடி. கவுண்டருக்குப் பின்னால் கார்லா பென்வெல். இவளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இவளுடைய தங்கை பெக்கிதான் இப்போது என் அப்பாவின் மனைவி. சின்ன ஊரில் ஒரு தாள் கேட்கப் போனால் இப்படித்தான், சொந்தக்காரர்களின் கையில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

"யாரு கேஸு?"

"டில்லார்ட். ராஸ் டில்லார்ட், மெலிண்டா டில்லார்ட்."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "நீ டார்சியா? அப்பன் மூக்கு அப்படியே இருக்கு."

"மூக்கக் கேக்கல மேடம். தீர்ப்பு நகல் கேட்டேன்."

"வாயும் அவன் வாய்தான். வழக்கு நம்பர் இருக்கா?"

இல்லை. மூலையில் பொதுமக்களுக்கான கணினி இருந்தது, தேடி எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். வழக்கு வகை: விவாகரத்து. வாதி: ராஸ் டில்லார்ட். ஒன்றுமில்லை. ஆண்டை முன்னும் பின்னும் நகர்த்தினேன். ஒன்றுமில்லை. அம்மாவை வாதியாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

[இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நாகரிகமாக எழுத முயன்றேன். மூன்று முறை அடித்தாயிற்று. நினைத்தது இதுதான்: தங்கைக்காக இவள் எங்கள் வழக்குக் கோப்பை எடுத்து ஒளித்துவிட்டாள்.]

திரும்பிப் போய்க் கேட்டேவிட்டேன். "இருந்த கேஸ யாராவது எடுத்துட்டாங்களா?"

"யாரு, நானா?" அவள் கோபப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "என் தங்கச்சி கல்யாணத்துக்கு உங்கப்பனுக்கு அந்தத் தாள நகலெடுத்துக் குடுத்ததே நான்தாம்மா. எந்த வகையில தேடுன?"

"விவாகரத்து. அவர் எங்கம்மா மேல போட்டது."

"யாரும் யார் மேலயும் போடலயே. கீழ இன்னொரு கட்டம் இருக்கு பாரு, பரஸ்பர சம்மதம்னு. அதத் தட்டு. காலேஜ்ல கீழ வரைக்கும் படிக்கச் சொல்லித் தரலயா?"

தட்டினேன். வந்தது.

4

பரஸ்பர சம்மதம் என்றால் வாதி கிடையாது, பிரதிவாதி கிடையாது. இருவரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரே நாளில் ஒரே நீதிபதியின் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஆமாம், எனக்குச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். யாரும் யாரையும் வெளியே தள்ளும் வழக்கு அல்ல அது.

என் கட்டுரையின் முதல் வாக்கியம் அங்கேயே, அந்தக் கணினியின் முன்னால், செத்துப்போனது. அதை எடுத்துவிட்டு இந்தக் கதையை எழுதலாம் என்று பார்த்தேன். வேறு வாக்கியம் வரவில்லை.

"முழுசா வேணுமா, தீர்ப்பு மட்டுமா?" கார்லா கேட்டாள். "கல்யாணத்துக்குன்னா ரெண்டு பக்கம் போதும். எல்லாரும் அதான் வாங்குவாங்க."

"முழுசும் எத்தன பக்கம்?"

"பத்தொம்போது."

"நான் பாக்கலாமா?"

"தெருவுல போறவன் வந்து கேட்டாலும் காட்டணும். பதினெட்டு வருஷமா இங்கதான் கெடக்கு."

கோப்பு இருந்த உறையைக் கவுண்டரில் வைத்தாள். வைத்துவிட்டு, எனக்காகத்தானோ என்னவோ, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டில் அப்பாவுக்கு. துவைக்கிற மெஷின் அம்மாவுக்கு. அம்மா பொய் சொல்லவில்லை, இரண்டும் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தன.

பதினோராம் பக்கம்: குழந்தை டார்சி பள்ளி நாட்களில் தந்தையுடன் வசிக்கும். வார இறுதிகளில் தாயுடன்.

பக்கத்தின் அடியில் அப்பா, அம்மா இருவரின் சுருக்கக் கையெழுத்துகள். அம்மாவுடையதன் வாலை நன்றாகத் தெரியும். என் மதிய உணவு டப்பாவில் போட்டுவிடும் துண்டுச் சீட்டுகளில் அதே வால் இருக்கும்.

போர்வை ஞாபகம் வந்தது. கிடங்கைக் கடக்கும்போது அவள் கூனிப்போய் இருக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வேகமாக ஓட்டினாள். மறைத்து வைக்கப்பட்ட சாமான் நான்.

5

கோப்பின் முன்னால் ஒரு பட்டியல் இருக்கும். வழக்கில் நடந்தது ஒவ்வொன்றும் தேதியோடு ஒரு வரி. எங்கள் வழக்கில் ஆறு வரிகள், ஆறாவது வரி தீர்ப்பு. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

"இதுல எழுதுனத ஒருத்தர் மீறிட்டா இன்னொருத்தர் என்ன செய்யலாம்?"

"ஒரு மனு போடலாம். ஒரே தாள்தான். ஜட்ஜ் உத்தரவு போட்டாருன்னா புள்ளையத் திரும்பக் கொண்டுவந்து விட்டாகணும்."

"எங்கப்பா மனு போட்டாரா?"

"பட்டியல்ல இல்லைன்னா போடல." திரும்பாமலே சொன்னாள். கொஞ்சம் கழித்து: "ஃபாரம் வாங்கிட்டுப் போனான். ரெண்டு தடவ."

[இதை நம்புவதா? சொல்வது அவருடைய மனைவியின் அக்கா. ஃபாரம் வாங்கிப்போனது எந்தப் பட்டியலிலும் ஏறாது. நீங்கள் நம்பினால் அது உங்கள் பாடு. நான் நம்பவுமில்லை, அதைக் கதையிலிருந்து எடுக்கவும் மனமில்லை.]

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எழுதிக்கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியவள் ஒருத்தி. கையில் தாளை வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிற மகளைத் தேடி வராதவர் ஒருவர். என்னை ஒருத்தி அவ்வளவு வேண்டுமென்றாள், ஒருவர் அவ்வளவு வேண்டாமென்றார். அல்லது அவர் அவளுக்கு விட்டுக்கொடுத்தார். அல்லது—

முடியவில்லை. அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.

6

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் அம்மா. அவள் ஏன் கையெழுத்துப் போட்டாள்? வீடு இல்லாமல் இருந்திருப்பாள், இரவு வேலையில் இருந்திருப்பாள், வக்கீல் அவசரப்படுத்தியிருப்பார் என்று ஒரு பத்தி எழுதினேன். உருக்கமாக வந்தது. அடித்துவிட்டேன். அதில் ஒன்றைக்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை. அவளுக்காகச் சாக்குச் சொல்வதும், அவருக்காகக் குற்றம் தைப்பதும் ஒரே கைவேலைதான். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. ஒரு கல்லூரியே சாட்சி.

"எத்தன பக்கம் அடிக்கட்டும்?" என்றாள் கார்லா, முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு.

"பத்தொம்போதும்."

7

முடிவுகள்.

முதல் முடிவில் மேல் இரண்டு பக்கத்தை மட்டும் அம்மாவிடம் கொடுக்கிறேன். சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் கோழி நூடுல்ஸ், தாள் தட்டுகள், வெண்டல் அழுகிறார். மிச்சம் பதினேழு பக்கம் என் பையில் இருக்கிறது, ஆயுள் முழுவதும் இருக்கிறது. இதில் நான் அவளைப்போல ஆகிவிடுகிறேன்.

இரண்டாவதில் பதினோராம் பக்கத்தை அவள் மடியில் எறிகிறேன். நாளைக்குள் உரிமம் வாங்காவிட்டால் சனிக்கிழமை கல்யாணம் இல்லை. அவள் அழுதபடியே வீட்டுக்கு ஓட்டுகிறாள், எந்த அலுவலகத்துக்கும் போவதில்லை. இதைப் படித்தால் அந்தக் கல்லூரி அதிகாரி மறுபடி அழுவார். ஆகையால் இதுவும் வேண்டாம்.

மூன்றாவதில் நான் சரளைக் கிடங்குக்கு நடந்து போகிறேன். பத்து நிமிடம்தான். அங்கே போய் என்ன சொல்வது என்று எனக்கு எழுத வரவில்லை.

நடந்தது இது. அம்மா வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள், இஞ்சினை அணைக்காமல்.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"வரிசை."

வரிசையே இல்லை.

நகல்கள் இருந்த உறையை வாங்கினாள். திறக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

"கனமா இருக்கே," என்றாள்.

உறையை என் மடியில் திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். ஊர் எல்லைப் பலகை தாண்டியது. அதன் பிறகு, சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்:

"மூணு மணி நேரம் இருக்கு. கேளு."

எந்தக் கேள்வியை முதலில் கேட்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவள் சொன்ன பதிலையும் எழுதவேண்டி வரும். அதைக் கொஞ்சம் திருத்தாமல் எழுத என்னால் முடியாது. ஆகவே முதல் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நான் உறையைப் பார்த்துக் கேட்டேன்.