அடுப்பெரியாத மலை

பொன்னாடை போர்த்தி முடித்ததும் கலியாணசுந்தரம் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓய்வுபெற்று காஞ்சிபுரம் திரும்பிய கையோடு, அவர் படித்த பள்ளிக்கூடத்திலேயே பாராட்டுக் கூட்டம். முன்வரிசையில் மனைவி கிருஷ்ணவேணி, பக்கத்தில் மகள் சுஷ்மா. இமயமலையில், மேகம் காலுக்குக் கீழே தெரிகிற உயரத்தில் இருந்த ஆய்வு நிலையத்தில், காற்றில் மிதக்கும் கரியையும் தூசியையும் வருஷக்கணக்காக விடாமல் அளந்தவர் அவர். ஒரு பம்பு ராப்பகலாகக் காற்றை இழுக்குமாம். அந்தக் காற்று ஒரு வெள்ளைத்தாள் வழியாகப் போகுமாம். தாளில் படியும் கறுப்பைத்தான் அளப்பார்களாம்.

"ஒரு பீடிப் புகைகூட எங்கள் கருவியில் தெரிந்துவிடும். அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அடுப்பே மூட்டக் கூடாது. சாப்பாடு கீழே ஊரிலிருந்துதான் வரும்," என்றார் மேடைத் தமிழில். "தொண்ணூற்றைந்தில் குடும்பத்தோடு தங்க எனக்கு வீடு ஒதுக்கினார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். என் வீட்டுப் புகையாலேயே என் அளவு கெடலாமா?"

கூடம் கைதட்டியது. சுஷ்மாவும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அம்மாவின் கைகள் மடியிலேயே கிடப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தொண்ணூற்றைந்தில்தான், நாலு வயதில், சுஷ்மாவுக்கு மூச்சிழுப்பு வந்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்சந்தில் சாயப்பட்டறை. பட்டு நூலை வேகவைக்கிற விறகடுப்புகள் விடியும் முன்னே எரியத் தொடங்கும். பனி இறங்கும் மாதங்களில் புகை மேலே போக வழியில்லாமல் வாசல்வரை வந்து படுத்துக்கொள்ளும். குழந்தை உட்கார்ந்தபடியே, கிருஷ்ணவேணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் சீழ்க்கைச் சத்தத்தோடு பிடித்து இழுக்கும். நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று டாக்டர் பரமசிவம் சொன்னார். நல்ல காற்று எங்கே இருக்கிறது என்று கிருஷ்ணவேணிக்குத் தெரியாதா? அதன் நடுவில்தானே அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். போனில் கெஞ்சிப் பார்த்தாள். இங்கே குடும்பத்துக்கு இடமே கிடையாது என்றார். அவள் நம்பினாள். மாமியார் பேசியதற்கும் அக்கம்பக்கம் கேட்டதற்கும், அங்க எடம் கெடையாதாம்மா என்று அவளே அவருக்காகப் பதில் சொன்னாள்.

அவர் லீவில் வருவது ஆடி, ஆவணியில். அப்போதுதான் அங்கே மழை காற்றைக் கழுவிவிட்டிருக்கும், கருவியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இங்கே அந்த மாதங்களில் சுஷ்மா தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள். நல்லாத்தானே இருக்குது என்பார். மார்கழியில் அந்தக் கீழூரைத் தாண்டிய மலைப்பாதையைப் பனி மூடிவிடும். ஒரு தை மாதம் சுஷ்மாவின் உதடு நீலமாகிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும், பாதை மூடியிருக்கிறது, ஆவி பிடிக்க வை என்றார் போனில். அவள் பிழைத்தாள். ஆனால் நெஞ்சு கூடு போலக் குறுகிவிட்டது. மாடிப்படி ஏற முடியாமல் காலேஜை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே தபாலில் படிக்கிறாள்.

கூட்டம் முடிந்து ஆட்டோவில் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து வைக்கும்வரை கிருஷ்ணவேணி பொறுத்திருந்தாள்.

"வூடு குடுத்தாங்களா உங்களுக்கு?"

அவர் ஒளிக்கவில்லை. "ரெண்டு ரூமு. குளிருக்கு வெறகு எரிக்காம அங்க பொம்பள, கொழந்தைங்க இருக்க முடியாது வேணி. எரிச்சா அத்தினி வருஷத்து அளவும் வீணாப்பூடும்."

"எடமே இல்லன்னு சொன்னீங்க."

"இருக்குதுன்னு சொல்லியிருந்தா நீ வந்திருப்ப."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நியாயம் சொல்கிறவர் போல மெதுவாகத்தான் சொன்னார். கிருஷ்ணவேணிக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, குழம்பு ஊற்றாமல் நின்றாள். இத்தனை வருஷமாக ஊருக்கு அவள் சொன்ன பதில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தன.

சுவரோரம் சாய்ந்திருந்த சுஷ்மா கேட்டாள். "நீங்க அளந்த கரி அளவு எறங்கிச்சாப்பா?"

வீட்டில் இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைத்தார்.

"எங்கம்மா எறங்குது? பங்குனி, சித்திரையில கீழ இருக்கிற நாட்டுப் பொகை மொத்தமும் மத்தியானக் காத்துல மேல வந்துடும். மழ வந்து கழுவும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் ஒசரத்துல போயி நிக்கும். மொத வருஷம் இங்க இருந்துச்சுன்னு வெச்சுக்கோ." தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கையைக் காட்டினார். "அப்பறம் இங்க. அப்பறம் இங்க."

"நான் அடுப்பு மூட்டாமலேயே ஏறிக்கினு இருந்துச்சா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"ஆமா," என்றார் அவர், கேள்வி சரியாகத்தான் கேட்கப்பட்டிருக்கிறது என்பதுபோல. கை தோளைத் தாண்டித் தலைக்கு மேலே போனது. அங்கே நின்றது. அவர் காதைக் கூர்மையாக்கினார்.

"இன்னா சத்தம் அது? எங்கியோ வெசில் ஊதுற மாதிரி."

மார்கழி பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சுஷ்மா இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, தோள்களை உயர்த்தி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணவேணி மகளைப் பார்த்தாள். தூக்கிய கையை இறக்காமலே அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் எந்த வீட்டிலிருந்து அது வருகிறது என்று தேடினார்.